பிரவுசர் ஹோம்பேஜில் இருந்தே போட்டோஷாப், ஸ்கேனர் எல்லாம் திறக்க வழி உண்டா?

நகல்கடை எழுதியது:

வணக்கம். சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறோம். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் 11, குரோம். வேலைக்கு வருகிற பிள்ளைகள் நாள் முழுக்கக் குரோமிலேயே இருப்பதால் நானே ஒரு எச்டிஎம்எல் பக்கம் எழுதி அதையே ஹோம்பேஜாக வைத்துவிட்டேன். பட்டா சிட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி, பாஸ்போர்ட், ஆதார் என்று பெரிய பெரிய பட்டன்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கும் அரை நாளில் பழகிவிடுகிறது.

இப்போது அதே பக்கத்தில் கீழே இன்னொரு வரிசை வைக்கலாம் என்று ஆசை. போட்டோஷாப், ஸ்கேனர் மென்பொருள், தமிழ் தட்டச்சுக்கான என்எச்எம் ரைட்டர், பில் போடுகிற புரோகிராம், இந்த நான்கும் போதும். மற்ற லிங்க் மாதிரியே ஃபைல் என்று ஆரம்பித்து சி டிரைவில் இருக்கிற எக்ஸி (புரோகிராமை ஓட்டுகிற ஃபைல்) வரை முழுப் பாதையும் கொடுத்துப் பார்த்தேன். கிளிக் செய்தால் புரோகிராம் திறக்கவில்லை, அந்த எக்ஸியையே ஒரு நகல் எடுத்து டவுன்லோடு ஃபோல்டரில் போடுகிறது! அங்கே இப்போது போட்டோஷாப் எக்ஸி மட்டும் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று வரிசையாகக் கிடக்கிறது. ஷார்ட்கட் ஃபைலுக்கு லிங்க் கொடுத்தாலும் கதை அதேதான்.

எக்ஸ்பி காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு பக்கம் இருந்தது, கிளிக் செய்தால் வேர்டு திறக்கும், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? எச்டிஎம்எல் எழுதுவேன், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொன்னால் வைப்பேன், அதற்கு மேல் புரோகிராமிங் தெரியாது.

பழையபெட்டி எழுதியது:

உங்கள் ஞாபகம் சரிதான். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர். அதில் ஆக்டிவ்எக்ஸ் என்று ஒன்று உண்டு, ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு வரி எழுதி விண்டோஸின் ஷெல்லைக் கூப்பிட்டு "இதை ஓட்டு" என்று சொன்னால் ஓட்டிவிடும். வசதி என்னவோ வசதிதான், ஆனால் நாம் எழுதிய பக்கம் செய்வதை வேறு எவனோ எழுதிய பக்கமும் செய்ய முடிந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் வந்து குடியேறிய வேண்டாத டூல்பார்களில் பாதி இந்த ஆக்டிவ்எக்ஸ் வாசல் வழியாக வந்தவைதான். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்த வாசலை வைக்கவே இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

ஆனால் அதன் தம்பி ஒருவன் இன்னும் விண்டோஸ் 11-இல் உயிரோடு இருக்கிறான், எச்டிஏ, அதாவது எச்டிஎம்எல் அப்ளிகேஷன். உங்கள் பக்கத்தை அப்படியே எடுத்துப் பெயரின் கடைசியில் எச்டிஎம்எல் என்பதை எச்டிஏ என்று மாற்றி இரட்டை கிளிக் செய்தால் தனி ஜன்னலாகத் திறக்கும், அதற்குள் பழைய ஆக்டிவ்எக்ஸ் வேலை எல்லாம் செய்யும், அனுமதி கேட்டு எந்தப் பெட்டியும் வராது. 1999-இல் வந்த சரக்கு. குறை என்னவென்றால் அது குரோமுக்குள் வராது, தனியாகத்தான் நிற்கும். உள்ளே இருப்பது பழைய எக்ஸ்புளோரர் எஞ்சின் என்பதால் நீங்கள் இப்போது எழுதியிருக்கிற டிசைன் கொஞ்சம் கோணலாகத் தெரியலாம். வைரஸ்காரர்களுக்கும் எச்டிஏ மேல் பிரியம் அதிகம், அதனால் ஆன்டிவைரஸ் சந்தேகமாகப் பார்க்கும்.

குறுக்குவழி எழுதியது:

எச்டிஏ வேண்டாம் சார். அதை விட நேரான வழி இருக்கிறது. மெயில்டு என்று ஆரம்பிக்கிற லிங்கைக் கிளிக் செய்தால் மெயில் புரோகிராம் திறக்கிறது அல்லவா, மீட்டிங் லிங்கைத் தொட்டால் ஜூம் திறக்கிறது அல்லவா? அதெல்லாம் பிரவுசர் தானாகச் செய்வதில்லை. "இந்த வார்த்தையில் ஆரம்பிக்கிற லிங்க் வந்தால் இந்தப் புரோகிராமிடம் கொடு" என்று விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடைக்கும் அப்படி ஒரு வார்த்தையை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சோதனை. உங்கள் பக்கத்தில் ஒரு லிங்கில் கால்குலேட்டர் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு முக்காற்புள்ளி வைத்துக் கிளிக் செய்யுங்கள். குரோம் "திறக்கலாமா" என்று கேட்கும், சரி என்றால் கால்குலேட்டர் வரும். எம்எஸ் ஹைபன் செட்டிங்ஸ் முக்காற்புள்ளி என்றால் செட்டிங்ஸ் வரும். இவை விண்டோஸ் தயாராக வைத்திருப்பவை.

இனி சொந்தமாக ஒன்று. போனில் இருந்து எழுதுகிறேன், கோடு ஒட்ட முடியவில்லை, வாயால் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். வார்த்தை "கடை" என்றே இருக்கட்டும், ஆனால் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், தமிழ் எழுத்து அங்கே செல்லாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் கிளாசஸ். அங்கே கடை என்று ஒரு கீ (ஃபோல்டர் மாதிரி ஒன்று) உருவாக்குங்கள். அதற்குள் யூஆர்எல் இடைவெளி புரோட்டோகால் என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் வேல்யூ, மதிப்பு ஒன்றும் வேண்டாம், காலியாக விடுங்கள். காலியாக இருக்கிறதே என்று பலர் அதை அழித்துவிடுகிறார்கள், அது இல்லையென்றால் விண்டோஸ் இதை லிங்க் வகையாகவே எடுத்துக்கொள்ளாது. பிறகு கடைக்குள் ஷெல், அதற்குள் ஓப்பன், அதற்குள் கமாண்ட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கீ. கமாண்டின் டீஃபால்ட் மதிப்பில் எந்தப் புரோகிராம் ஓட வேண்டுமோ அதன் பாதை, மேற்கோளுக்குள், அப்புறம் ஒரு இடைவெளி விட்டு மேற்கோளுக்குள் %1. கரன்ட் யூசரில் எழுதுவதால் அட்மின் பாஸ்வேர்டு தேவைப்படாது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த %1 இடத்தில் முழு லிங்கும் வந்து நிற்கும், "கடை:" என்ற தலையோடு சேர்த்து. நேராகப் போட்டோஷாப்பை எழுதி வைத்தால் "கடை:போட்டோ" என்ற பெயரில் ஒரு படத்தைத் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்லும். அதனால் நடுவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும். இந்த மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுகிற ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருளின் இரண்டாம் பதிப்பைச் சொல்வேன். இலவசம், கருப்பு ஜன்னல் மின்னி மறைகிற தொல்லையும் இல்லை (விண்டோஸோடு வருகிற பவர்ஷெல்லில் எழுதினால் ஒளித்து வைக்கச் சொன்னாலும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும்).

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இதுதான். வந்த லிங்கில் "கடை:" என்பதற்குப் பின் ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புள்ளி, சாய்கோடு, இடைவெளி என்று வேறு எது இருந்தாலும் பேசாமல் வெளியேறிவிட வேண்டும். சரியாக இருந்தால் சி டிரைவில் நீங்கள் வைத்திருக்கிற ஒரு ஃபோல்டரில் அதே பெயரில் ஷார்ட்கட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை ஓட்டு. ஏழெட்டு வரிக்கு மேல் போகாது, இரவு வீட்டுக்குப் போனதும் எழுதி அனுப்புகிறேன்.

ஷார்ட்கட் வழியாகப் போவதில் ஒரு லாபம் உண்டு. பில் புரோகிராம்கள் பலவற்றுக்கு "ஸ்டார்ட் இன்" ஃபோல்டர் சரியாக இல்லையென்றால் டேட்டா கிடைக்கவில்லை என்று அழும். ஷார்ட்கட்டில் அது ஏற்கனவே எழுதியிருக்கும், தனியாக நாம் கவலைப்பட வேண்டாம். நாளைக்குக் கோரல்டிரா சேர்க்க வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட்டைப் போட்டு, பக்கத்தில் ஒரு பட்டன் வைத்தால் முடிந்தது, ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம்.

பக்கத்தில் லிங்க் "கடை:போட்டோ" என்று வெறும் முக்காற்புள்ளியோடு இருக்கட்டும். பின்னால் இரட்டைச் சாய்கோடு வைத்தால் சில இடங்களில் கடைசியில் இன்னொரு சாய்கோடு தானாக ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் பெயர் பொருந்தாமல் ஒன்றும் திறக்காது.

குளத்துமீன் எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்று? பாதையையே லிங்கில் கொடுத்து, ஸ்கிரிப்ட் அதை வாங்கி அப்படியே ஓட்டுவது மாதிரி எழுதினால் எந்தப் புரோகிராமையும் திறக்கலாமே, ஷார்ட்கட் ஃபோல்டர் எல்லாம் எதற்கு? விண்டோஸ் கட்டளைகளை எழுதி வைக்கிற ஒரு பேட்ச் ஃபைலில் ஒரே வரி. இல்லையென்றால் பைதானில் பத்து வரியில் ஒரு குட்டி சர்வர் எழுதி 127.0.0.1-இல், அதாவது அதே கம்ப்யூட்டரின் உள் முகவரியில், ஓட விட்டால் பட்டனைத் தட்டியதும் திறந்துவிடும், குரோம் ஒவ்வொரு முறையும் "திறக்கலாமா" என்று கேட்கிற நச்சரிப்பும் இல்லை. நான் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

குறுக்குவழி எழுதியது:

தயவுசெய்து இந்த இரண்டையும் கடைக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். நாள் முழுக்க வாடிக்கையாளர் பென்டிரைவும் வாட்ஸ்அப் ஃபைலும் தெரியாத இணையதளமும் வந்து போகிற இடம் அது.

ரெஜிஸ்ட்ரியில் எழுதிய வார்த்தை உங்கள் பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. எந்த இணையதளமும் "கடை:" என்று ஒரு லிங்க் வைக்கலாம். குரோம் கேட்கும்தான், ஆனால் அவசரத்தில் சரி என்று தட்டாத ஆள் உண்டா? பாதையை லிங்கே தீர்மானிக்கிறது என்றால், அந்தத் தளமும் தனக்கு வேண்டிய பாதையைத் தீர்மானிக்கலாம். பேட்ச் ஃபைல் இன்னும் மோசம், லிங்கில் ஒரு ஆம்பர்சேண்ட் குறி வந்து, நீங்கள் மேற்கோள் போடாமல் விட்டிருந்தால், அந்தக் குறிக்குப் பின் இருப்பதைத் தனிக் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை, விண்டோஸே இதில் அடி வாங்கியிருக்கிறது. 2022 மே மாதம் ஃபோலினா என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது. விண்டோஸின் பிழை கண்டறியும் கருவிக்கு இதே மாதிரி ஒரு லிங்க் வார்த்தை இருந்தது, வேர்டு ஃபைல் ஒன்றைத் திறந்தாலே அந்த வார்த்தையின் வழியாகக் கருவியைக் கூப்பிட்டு, கூடவே கட்டளையையும் திணித்து ஓட்ட முடிந்தது. மைக்ரோசாஃப்ட் முதலில் சொன்ன தற்காலிக வழியே அந்த வார்த்தையின் கீயை ரெஜிஸ்ட்ரியில் இருந்து அழித்துவிடுங்கள் என்பதுதான்.

பக்கம் பெயரை மட்டும் சொல்லட்டும், அந்தப் பெயருக்கு எதைத் திறப்பது என்ற பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். அப்போது எந்தத் தளம் கூப்பிட்டாலும் அதிகபட்சம் உங்கள் ஸ்கேனர் திறக்கும், அவ்வளவுதான். அந்த ஃபோல்டரில் ஷட்டவுன், பேக்கப் அழிப்பது மாதிரி எதையும் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

குட்டி சர்வருக்கும் இதே கதை. 127.0.0.1 என்றால் வெளியாள் வர முடியாது என்று நினைக்கிறோம். வெளியாள் நேராக வரமாட்டான், உங்கள் பிரவுசரில் திறந்திருக்கிற அவனுடைய பக்கம் வரும். 2019 ஜூலையில் ஜூமின் மேக் பதிப்பில் இதுதான் நடந்தது. அவர்கள் வசதிக்காகக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சர்வரை ஓட விட்டிருந்தார்கள், ஏதோ ஒரு இணையதளத்துக்குப் போனாலே அது அந்த சர்வரைக் கூப்பிட்டு, கேட்காமலே ஆளை மீட்டிங்குக்குள் கேமராவோடு இழுத்துப் போட முடிந்தது. ஜூமை நீக்கினாலும் சர்வர் நீங்காமல் நின்றது என்பது அதைவிடக் கொடுமை, கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அதை அகற்றியது. சர்வர் எழுதத்தான் வேண்டும் என்றால் ரகசிய டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரி ஒன்று), எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்ற சோதனை, இரண்டும் இல்லாமல் எழுதக் கூடாது. அதைச் செய்யத் தெரிந்தவர் இந்தக் கேள்வியையே இங்கே கேட்டிருக்க மாட்டார்.

குளத்துமீன் சொன்ன நச்சரிப்பு எனக்கு நச்சரிப்பாகத் தெரியவில்லை. ஒரு கிளிக் கூடுதல், இருக்கட்டுமே.

உபுண்டுவாசி எழுதியது:

லினக்ஸில் யாராவது தேடி வந்தால் பயன்படும் என்பதற்காக. அங்கே ரெஜிஸ்ட்ரி கிடையாது, ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் ஒரு டெஸ்க்டாப் ஃபைல் எழுதி, மைம்டைப் வரியில் எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர் சாய்கோடு உங்கள் வார்த்தை என்று குறித்து, எக்ஸெக் வரியில் ஸ்கிரிப்டின் பாதையும் சதவீதக் குறியோடு யூ என்ற எழுத்தும். அப்புறம் எக்ஸ்டிஜி-மைம் கட்டளையால் அதை டீஃபால்ட் ஆக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம், உபுண்டு 22.04-இல் இருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் (மற்ற ஃபைல்களைத் தொடக் கட்டுப்பாடு உள்ள பொதியாக) வருகிறது, அதனால் புள்ளியில் ஆரம்பிக்கிற மறைவு ஃபோல்டருக்குள் ஹோம்பேஜை வைத்தால் ஃபைலே இல்லை என்று சாதிக்கும். வெளியே சாதாரண ஃபோல்டரில் வையுங்கள், திறக்கும்.

டாஸ்க்பார் எழுதியது:

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள், நான்கே நான்கு புரோகிராம், டாஸ்க்பாரில் பின் செய்து வைத்தால் விண்டோஸ் கீயோடு 1, 2, 3, 4 தட்டினால் திறக்கிறதே? ஏற்கனவே திறந்திருந்தால் முன்னால் கொண்டுவரவும் செய்யும்.

நகல்கடை எழுதியது:

கோபம் எல்லாம் இல்லை சார். எனக்கு அது போதும், பிள்ளைகளுக்குப் போதாது. ஒருவர் டாஸ்க்பாரில் இருந்து எதையாவது எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு 3 தட்டினால் வேறு ஏதோ வருகிறது. பக்கம் என்றால் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி, பட்டன் மேலேயே தமிழில் "ஆதார் அட்டை ஸ்கேன்", "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ" என்று வேலையின் பெயரை எழுதிவிடலாம். புரோகிராமின் பெயர் அவர்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

குறுக்குவழி அண்ணே, நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் போட்டேன், முதல் கம்ப்யூட்டரில் நான்கும் திறக்கின்றன, பெரிய நன்றி. மூன்று சந்தேகம். கீயை எல்லாம் ஏற்றுமதி செய்து ரெஜ் ஃபைலாக இரண்டாவது கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகலாமா? அங்கே ஃபோல்டர் பெயர் தமிழில் இருக்கிறது. புதிய டேப் திறக்கும்போதும் என் பக்கமே வர வைக்க முடியுமா? கடைசியாக, பில் புரோகிராம் பட்டனை இன்னொரு தடவை தட்டினால் இரண்டாவது பில் ஜன்னல் திறந்து, டேட்டா பூட்டியிருக்கிறது என்கிறது. போட்டோஷாப்பில் அப்படி இல்லை.

குறுக்குவழி எழுதியது:

பட்டனில் வேலையின் பெயர், நல்ல யோசனை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரெஜ் ஃபைலை ஏற்றுமதி செய்து கொண்டு போகலாம். அதை நோட்பேடில் திறந்து பாதையை மாற்றும்போது இரண்டு கவனம். பாதையில் வருகிற ஒவ்வொரு பின்சாய்கோடும் இரண்டிரண்டாக இருக்கும், நீங்கள் மாற்றி எழுதினாலும் அப்படியே இரட்டையாக எழுதுங்கள். தமிழ்ப் பெயர் இருப்பதால் சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-16 எல்இ என்று இருக்கிறதா பாருங்கள், யூடிஎஃப்-8 ஆக இருந்தால் தமிழ் எழுத்து குப்பையாகி உள்ளே போகும். நானாக இருந்தால் ஃபோல்டர் பெயரையே ஆங்கிலத்தில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

குரோமின் செட்டிங்ஸில் புதிய டேப் பக்கத்தை மாற்ற வழி இல்லை, சாதாரணமாக அதற்கு எக்ஸ்டென்ஷன்தான் வேண்டும். செட்டிங்ஸில் ஹோம் பட்டனைத் தெரிய வைத்து அதற்கு உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், ஆல்ட்டோடு ஹோம் கீயைத் தட்டினாலும் வந்து நிற்கும். இதற்காக எக்ஸ்டென்ஷன் தேடிப் போக வேண்டாம், புதிய டேப்பை மாற்றுகிறேன் என்று வருகிற பலவும் தேடலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்பவை.

பில் புரோகிராம் ஒரு தடவைக்கு மேல் திறக்காமல் இருக்க வேண்டிய சோதனையை அதை எழுதியவர் வைக்கவில்லை, போட்டோஷாப் தானே வைத்திருக்கிறது. நாம் ஸ்கிரிப்டில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டு என்று சொல்கிற வரிக்கு முன்னால், பெயர் "பில்" என்றால் வின்எக்ஸிஸ்ட் என்ற ஃபங்ஷனில் ஏஎச்கே அண்டர்ஸ்கோர் எக்ஸி என்று போட்டு, ஒரு இடைவெளி விட்டு, அந்தப் புரோகிராமின் எக்ஸி பெயரைக் கொடுத்து ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வின்ஆக்டிவேட் செய்துவிட்டு வெளியேற வேண்டும், இல்லையென்றால் வழக்கம்போல ஓட்ட வேண்டும். எக்ஸி பெயர் டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதியில் இருக்கும், ஷார்ட்கட்டின் பெயர் இல்லை.

நகல்கடை எழுதியது:

வின்எக்ஸிஸ்ட் வரியைச் சேர்த்தேன், இப்போது தட்டினால் பழைய பில் ஜன்னலே முன்னால் வருகிறது. ஆனால் அதை மினிமைஸ் செய்து வைத்திருந்தாலும் வருமா என்று பார்க்க மறந்துவிட்டேன், இரண்டாவது கம்ப்யூட்டரைப் போடும்போது பார்க்கிறேன்.

குறுக்குவழி எழுதியது:

வரும். வின்ஆக்டிவேட் மினிமைஸ் ஆன ஜன்னலையும் விரித்துத்தான் முன்னால் கொண்டுவரும். பில் புரோகிராமை "அட்மினாக ஓட்டு" என்று வைத்திருந்தால் மட்டும் சாதாரணமாக ஓடுகிற ஆட்டோஹாட்கீயால் அதைத் தொட முடியாமல் போகலாம், அப்படி இருந்தால் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள்.